உப்புப் பார்த்த பிள்ளை

1

இன்று காலை ஒரு செம்மறியை அறுத்தேன். கீழே பண்ணை வைத்திருக்கும் துரை ஆளிடம் கொடுத்தனுப்பிய செம்மறி. என் மகன் யூசுப் மவுத்தாகி ஒரு வருடம் ஆகிறது. அவன் பேரில் கத்தம் ஓதி, நாலு பேருக்குச் சோறு கொடுக்க வேண்டும். ஓத இங்கே லெப்பை கிடையாது, நானேதான் லெப்பை. சாப்பிட வருகிறவர்கள் மலையில் ஆடு சுடுகிற வெள்ளைக்காரர்கள். கத்தம் என்றால் என்ன என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? சாம் இன்றைக்கு நெய்ச்சோறு ஆக்குகிறான் என்று மட்டும் தெரியும்.

சாம் என்றால் நான்தான். எருக்கலம்பிட்டியில் எனக்கு வைத்த பெயர் சாகுல் ஹமீது. கப்பலில் வைத்தே அதைச் சாம் ஆக்கிவிட்டார்கள். அரைப் பெயராவது மிஞ்சியதே என்று நானும் இருந்துவிட்டேன்.

ஊரிலிருந்து என் தம்பி காதர் கேட்டு எழுதியிருந்தான். "காக்கா, பிள்ளை ஆட்டுக்குப் பின்னால ஓடி மலையால விழுந்தது எண்டு எழுதியிருக்கிறீங்க. ஆட்டுக்குப் பின்னால ஏன் ஓடினவன்? அது என்ன ஆடு?" பள்ளிவாசலிலும் கேட்கிறார்களாம், மன்னார்ச் சந்தையிலும் கேட்கிறார்களாம். உப்புக்குளத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர், பையன் ஆடு மேய்க்கப் போன இடத்தில் தவறி விழுந்தான் என்று கதையே கட்டிவிட்டாராம். கட்டட்டும். வாய் இருக்கிறவர்கள் பேசத்தானே செய்வார்கள்.

ஆனாலும் ஒரு தரம் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. அதனால்தான் காதருக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே என்னோடு தமிழ் பேச ஆள் இல்லை. எனக்கு நானே பேசிக்கொள்வதுதான், அதுவும் யாரையாவது ஏசும்போது. போன மாதம் மாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதை அரிக்கிற சாமானுக்கு என்ன பெயர் என்று யோசித்தேன், யோசித்தேன், வரவே இல்லை. பிறகு ஒரு நாள் விறகு கொத்தும்போது "அரிதட்டு" என்று வாய் தானாகச் சொன்னது. கோடரியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகையும் வந்தது.

2

முதலில் ஆட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த நியூசிலாந்து தேசத்தின் தெற்குத் தீவில் நெடுக ஒரு மலைத்தொடர் இருக்கிறது. உச்சியில் வருடம் முழுக்கப் பனி. மன்னாரில் பிறந்தவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? கோட்டை மதில்தானே எங்களுக்கு உயரம். முதல் முதல் இந்த மலைகளைப் பார்த்த அன்று, மேகம் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். மேகம் அசையவில்லை என்றதும்தான் வாயைப் பிளந்தேன்.

அந்த ஆட்டை இங்கே "தார்" என்பார்கள். இமயமலை ஆடு. கிடாய்க்குக் கழுத்தைச் சுற்றிப் பிடரிமயிர் தொங்கும், கொம்பு சின்னதாய்ப் பின்னால் வளைந்திருக்கும். மனிதன் கை வைக்கவே இடமில்லாத பாறையில் அது நின்று அசைபோடும். துப்பாக்கி வைத்திருந்த பெரிய மனிதர்கள் வேட்டை விளையாட்டுக்கு ஆசைப்பட்டு, கப்பலில் கொண்டுவந்து இந்த மலையில் விட்டார்களாம். இங்கே புலி இல்லை, நரிகூட இல்லை. ஆடு பெருகாமல் என்ன செய்யும்? பெருகியது. மலையில் முளைத்ததையெல்லாம் தின்று, மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லையும் தின்று தீர்த்தது. இப்போது அரசாங்கமே கூலிக்கு ஆள் வைத்துச் சுடுவிக்கிறது. கூட்டிக்கொண்டு வந்ததும் அவர்கள்தான், கொல்லச் சொல்கிறதும் அவர்கள்தான்.

எங்கள் மன்னாரில் கழுதை இல்லையா? அதுவும் எந்தக் காலத்திலோ யாரோ கப்பலில் கொண்டுவந்து இறக்கியதுதான். சந்தைக்குள் நிற்கும், வேலிக்குள் தலையை விடும், நடுத்தெருவில் படுத்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதைச் சுட்டுக் கணக்குக் காட்டு என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. ஏசிவிட்டுச் சுற்றிக்கொண்டு போவோம்.

அந்த மலையாட்டைப் பார்த்தால் எனக்குச் சில நேரம் பொறாமையாகக்கூட இருக்கும். வந்து இறங்கிய அன்று அதனிடம் யாரும் கடுதாசி கேட்கவில்லை. நான் கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரன். துறைமுகத்தில் வயிற்று வலி வந்து ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நான் கண் முழித்தபோது என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. அன்று தொடங்கிய குடிவரவுக் கந்தோர் ஏறுதல் இன்று வரை முடியவில்லை.

"மன்னார் எங்கே இருக்கிறது? இந்தியாவிலா?" என்பான் கந்தோர்க்காரன்.

"இலங்கையில."

"அது இந்தியா இல்லையா?"

"இல்லை ஐயா. ஆனா உங்கட ராசாதான் எங்களுக்கும் ராசா."

"அது வேறு விஷயம்" என்று சொல்லிவிட்டு வேறொரு படிவத்தை எடுப்பான்.

ஊருக்குப் போய்வர ஆசைப்பட்டுக் கேட்டால், போகலாம், ஆனால் திரும்பி வர அனுமதி கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்பார்கள். பெண்சாதி பிள்ளையை இங்கே வைத்துக்கொண்டு எந்த நம்பிக்கையில் கப்பல் ஏறுவது? இந்த வருடம் போறன், அடுத்த வருடம் போறன் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே, எங்கள் வாப்பா மவுத்தான செய்தி காதரிடமிருந்து வந்தது. அதுவும் மாதக்கணக்கில் பிந்தி வந்தது. இங்கே நான் அவர் சுகமாக இருக்கத் துஆக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அங்கே அவருடைய கபுறில் புல் முளைத்திருக்கிறது.

3

வாப்பாவைத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் இருப்பீர்கள். கருவாட்டு வியாபாரம். பேசாலையில் கருவாடு எடுத்து முசலிப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, நெல்லாக மாற்றிக்கொண்டு வருவார். காய்ச்சல் காலத்தில், அதாவது காடு காய்ந்து மான் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருகிற மாதங்களில், அவரும் இன்னும் சிலரும் முசலிக் காட்டுக்கு வேட்டைக்குப் போவார்கள். அரசாங்கக் கச்சேரியில் அனுமதி எடுத்த ஒரு பழைய துவக்கு அவரிடம் இருந்தது. வாப்பா வெடி வைப்பார், நான் கத்தியோடு ஓடுவேன்.

ஏன் ஓட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேற்றூரார் யாரும் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். வெடியிலேயே செத்த பிராணி எங்களுக்கு ஆகாது. உயிர் இருக்கும்போதே ஆண்டவன் பேரைச் சொல்லி அறுத்தால்தான் ஹலால். அதனால் வெடிச் சத்தம் கேட்டவுடனே ஒருவன் பறக்க வேண்டும். அவன் பிந்தினால் அன்றைய வேட்டை நரிக்கும் காகத்துக்கும்தான்.

எங்கள் ஆட்களுக்குள் என்னைப் போல ஓடியவன் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். உடைமுள் காலில் ஏறினாலும் நிற்க மாட்டேன். புகை கலைய முந்தி மானின் கொம்பில் என் கை இருக்கும். தலையைத் திருப்பி, பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர் என்று சொல்லி ஒரே இழுவை. இழுத்ததும் பின்னால் ஒரே பாய்ச்சல். ஏனென்றால் அறுபட்ட மானின் கடைசி உதை பொல்லாத உதை, வயிற்றில் பட்டால் குடல் கலங்கிப்போகும். பாய்ந்து நின்றுகொண்டு இரத்தக் கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். தூரத்தில் நிற்கிறவர்கள் கத்தியின் மினுக்கத்தைக் கண்டு, "அறுத்தாச்சு! ஆகும்!" என்று கத்துவார்கள். வாப்பா தொண்டையை ஒரு தரம் செருமுவார். அந்தச் செருமலுக்காக நான் இன்னும் நாலு காடு ஓடியிருப்பேன்.

இந்தக் கதையை நான் என் மகனுக்கு எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

4

யூசுப்பின் உம்மா ஆக்னஸ். அந்தத் துறைமுகத்து ஆஸ்பத்திரியில் துணி துவைத்தவள். நான் நோயாளி, அவளுக்கு என் மேல் இரக்கம், இரக்கம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. நிக்காஹ் செய்து வைக்க ஆள் இல்லாததால் கந்தோரில் எழுதினோம். பிள்ளைக்கு நான் யூசுப் என்றேன், அவள் ஜோசப் என்றாள், ஊரார் ஜோ என்றார்கள். பிள்ளை சின்னதாய் இருக்கும்போதே அவள் நெஞ்சு நோயில் போய்விட்டாள். பிறகு நான் வேலை செய்த பண்ணைக் குசினிகளிலெல்லாம் அவன் என் காலடியில்தான் வளர்ந்தான். கடைசியில் ஆடு சுடுகிறவர்களின் முகாமுக்குச் சமையல்காரனாக வந்தேன். ஒரு பள்ளத்தாக்கு, நடுவே ஆறு, கரையில் ஒரு தகரக் குடில். நான் குடிலைவிட்டு மேலே ஏறியதே இல்லை. மலையைக் குசினி வாசலில் நின்று பார்ப்பதோடு சரி.

அங்கே எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர்கள் சுட்டுக் கொண்டுவருகிற இறைச்சியை நான் சமைக்க வேண்டும், ஆனால் தின்னக்கூடாது. ரொட்டியும் கிழங்கும் வெங்காயச் சம்பலும்தான் எனக்கு. எப்போதாவது கீழிருந்து ஒரு செம்மறி உயிரோடு வந்தால் அறுத்து, எனக்கு ஒரு துண்டை நெருப்பில் சுட்டுத் தின்பேன். வாயில் வைக்காமல் எப்படிக் கறிக்கு உப்புப் பார்ப்பது? சின்ன வயதிலிருந்தே யூசுப்தான் எனக்கு உப்புப் பார்க்கிறவன். கரண்டியை ஊதி நீட்டுவேன்.

"மகன், உப்புக் காணுமா?"

"காணும் வாப்பா."

போதும் என்பதை நாங்கள் காணும் என்றுதானே சொல்வோம். அவனுக்குத் தெரிந்த தமிழில் அதுவும் ஒன்று. மொத்தத் தமிழையும் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

உன் வாய் மட்டும் ஹலாலாக இருக்க வேணும், பிள்ளை வாய் எப்படிப் போனாலும் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். ஓம், கேளுங்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். தாயின் வழக்கத்தில் வளர்ந்த பிள்ளை, அவர்களோடு இருந்து அவர்கள் தின்பதைத் தின்கிறான், நான் என்ன செய்ய என்று விட்டுவிட்டேன். அவனோடு வழக்காடிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே பிள்ளை.

வெள்ளைக்காரர் என் கறியைக் குறை சொன்னதே இல்லை. தட்டை வழித்துத் தின்பார்கள். தின்றுவிட்டுக் கேத்தல் கேத்தலாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். குளிர் தேசத்து மனிதர், தேத்தண்ணி இல்லாமல் சீவிக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஊருக்குக்கூட அப்படி எழுதியிருக்கிறேன்.

யூசுப் வளர்ந்தான். என்னைவிட ஒரு முழம் உயரம். ஒரு வெள்ளிக்கிழமை கீழே ஆட்டம் பாட்டத்துக்குப் போனால் ஞாயிறுதான் திரும்புவான். நான் தொழும்போது சத்தம் போடாமல் வெளியே போய்விடுவான், அவ்வளவுதான் மார்க்கம்.

"ஊருக்குப் போவமா மகன்? எருக்கலம்பிட்டிக்கு?" என்று கேட்பேன்.

"அங்க மலை இருக்கா வாப்பா?"

"இல்லை."

"ஆடு?"

"ஆடு இருக்கு. கழுதையும் இருக்கு."

சிரிப்பான். "கழுதையை நான் என்ன செய்யிறது?"

எங்கள் பேச்செல்லாம் இங்கிலீசில்தான், உங்களுக்காக எங்கள் பேச்சாக்கி எழுதுகிறேன். அவன் துவக்கும் தூக்கினான். கூட்டத்திலேயே நல்ல குறிகாரன் என்று தலைவன் டொனால்ட் என்னிடம் சொல்வான். டொனால்ட் என்கிறவன் நரைத்த தாடிக்காரன், மலையிலேயே கிழண்டவன். மாலை நேரத்தில் எல்லாரும் கூடியிருக்கும்போது யூசுப் என் முசலிக் கதையை நடித்துக் காட்டுவான். மேசையைச் சுற்றி ஓடுவான், ஒருவன் கழுத்தைப் பிடித்து அறுப்பான், பின்னால் ஒரே பாய்ச்சல் பாய்ந்து கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லாரையும்விட நான்தான் கூடச் சிரிப்பேன்.

5

வாப்பாவின் வருடக் கத்தம் வந்தது. பிறை பார்த்து நானே போட்ட கணக்கு. நாளுக்கு முன்னாலேயே அரிசியும் நெய்யும் எடுத்து ஒளித்து வைத்திருந்தேன். பண்ணையிலிருந்து ஒரு செம்மறியும் வருவதாக ஏற்பாடு. ஆனால் மேலே மழை கொட்டி ஆறு பெருகிவிட்டது. கல்லை உருட்டிக்கொண்டு போகிற தண்ணீர், அதற்குள் மனிதனும் வர முடியாது, செம்மறியும் வர முடியாது.

முதல் நாள் பொழுதுபட முந்தி நான் அடுப்படியில் இருந்து புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கும்போது போய்ப் பார்க்கவும் இல்லை, செத்த பிறகு ஒரு பிடி சோறு கொடுக்கவும் வக்கில்லை, இப்படியும் ஒரு மகனா என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். யூசுப் வந்து பக்கத்துப் பெட்டியில் குந்தினான்.

"நான் ஒண்டு கொண்டு வாறன் வாப்பா. மேல நிறைய நிக்குது."

"நீ கொண்டு வாறது செத்தது. எனக்கு ஆகாது."

"சாகுறதுக்கு முந்தி நான் அறுத்தா?"

"நீயா?" என்று சிரித்தேன். "என்னைப் போல ஓட ஏலுமா உன்னால?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். அல்லாஹ் அறிய விளையாட்டாகத்தான்.

அவன் சிரிக்கவில்லை. "அறுக்கேக்க சொல்லுற சொல்லைச் சொல்லித் தாங்க" என்றான்.

என் மகன் இருபத்திரண்டு வயதில் முதல் தடவையாக என்னிடம் அதைக் கேட்டான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். வாய் நிறையச் சொல்லிக் கொடுத்தேன். திரும்பத் திரும்பச் சொன்னான், சிரமப்பட்டுச் சொன்னான், கடைசியில் சரியாகச் சொன்னான். என் கப்பல் பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அந்தப் பழைய கத்தியை எடுத்துக் கொடுத்தேன். எப்படித் தலையைத் திருப்புவது, எங்கே கத்தியை வைப்பது, எப்படி ஒரே இழுவையில் இழுப்பது எல்லாம் காட்டினேன். இழுத்ததும் பின்னால் பாய வேண்டும், உதைத்துவிடும் என்றும் சொன்னேன். பாய்ந்து கத்தியைத் தூக்கிக் காட்டு, தூரத்தில் நிற்கிறவனுக்கு அப்போதுதான் தெரியும் என்றும் சொன்னேன்.

விடிந்ததும் அவனும் டொனால்டும் ஏறினார்கள். மழை விட்டிருந்தது, புல் மட்டும் ஈரம். "வாறன் வாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எங்கள் ஊரில் போகிறவன் வாறன் என்றுதானே சொல்லுவான், அது ஒன்றை நான் ஒழுங்காகப் பழக்கியிருந்தேன். நான் அரிசியைக் களைந்து வைத்தேன். வெங்காயம் அரிந்தேன். நல்லாய்ப் பொழுது ஏறிய பிறகு ஒரு வெடி கேட்டது, மலை அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. வாசலுக்கு ஓடிவந்து, "ஓடு மகன், ஓடு!" என்று தமிழில் கத்தினேன். பைத்தியக்காரன் மாதிரி நெய்க் கரண்டியும் கையுமாக நின்று கத்தினேன்.

நடந்ததை டொனால்ட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏறுகிற வழி முழுக்க யூசுப் அந்தச் சொல்லையே முணுமுணுத்துக்கொண்டு வந்தானாம், கடைக்கு அனுப்பிய பிள்ளை வாங்க வேண்டிய சாமானைச் சொல்லிக்கொண்டு போகிற மாதிரி. கேட்டுக் கேட்டு டொனால்டுக்கே பாடமாகிவிட்டது. மேலே போனதும் யூசுப் ஒரு பெட்டை ஆட்டைப் பார்த்து, சாகாமல் விழுகிற மாதிரி இடுப்பில் வெடி வைத்தான். அது சறுக்கிப் போய்க் கீழே ஒரு பாறைத் திட்டில் கிடந்து உதறிக்கொண்டிருந்தது. கட்டில் அகலம்கூட இல்லாத திட்டு.

"விடு ஜோ, ஈரம், சுற்றிக்கொண்டு இறங்குவோம்" என்று டொனால்ட் கத்தியிருக்கிறான். அதற்குள் அவன் ஓடத் தொடங்கிவிட்டான். செங்குத்தான ஈரப் புல்லில், துவக்கைப் போட்டுவிட்டு, கத்தியோடு ஓடியிருக்கிறான். அந்த மலையில் எவனும் ஓடியதை நான் கண்டதில்லை என்றான் டொனால்ட். ஒரு இடத்திலும் சறுக்கவில்லை. திட்டில் இறங்கினான். ஆடு உயிரோடு இருந்தது. கொம்பைப் பிடித்தான், தலையைத் திருப்பினான், சொல்லை உரக்கச் சொன்னான். அது மேலே நின்ற டொனால்டுக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரே இழுவை.

பிறகு பின்னால் பாய்ந்து, கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

பின்னால் இடம் இருக்கவில்லை.

காதர், நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஆட்டுக்குப் பின்னால் ஓடி அவன் விழவில்லை. ஓட்டத்தில் அவன் என்னையும் வென்றுவிட்டான். முசலித் தரையில் நான் பாய்ந்த பாய்ச்சலை, இந்த மலையில் அவன் பாய்ந்தான்.

6

முகாம்காரர்கள் நாலு பேருமாகச் சேர்ந்து யூசுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆறு பெருகிக் கிடந்ததால் கீழே கொண்டுபோக வழி இல்லை. வைத்திருக்கவும் கூடாது. ஆற்றுத் தண்ணீரைச் சுடவைத்து நானே குளிப்பாட்டினேன். சுற்றி அடக்கக் கபன் துணி இல்லை. மாவு வருகிற வெள்ளைத் துணிப் பைகளைப் பிரித்து, அவித்துக் காயவைத்துச் சேர்த்துத் தைத்தேன். எழுத்துச் சாயம் முழுக்கப் போகவில்லை. மக்கத்துத் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று ஊரில் நான் யோசித்ததே கிடையாது, பள்ளிவாசல் பார்க்கிற பக்கம்தான் கிப்லா. இங்கே டொனால்ட் தன் திசைகாட்டியை எடுத்து மேற்கைக் காட்டினான். மேற்கு சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் முன்னால் நின்று தொழுதேன். அவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

ஆறு வடிந்த பிறகு கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். அனுமதி இல்லாமல் ஏன் அடக்கினாய், பெட்டிகூட இல்லாமலா அடக்கினாய் என்று கேள்விக்கு மேல் கேள்வி. டொனால்ட் பக்கத்தில் நின்று எனக்காகச் சண்டை பிடித்தான். பதிவு எழுதுகிற கந்தோர்ப் பெடியன் புத்தகத்தில் ஜோசப் என்று எழுதினான். வெட்டச் சொன்னேன். வெட்ட முடியாது என்றான். வெட்டும் வரைக்கும் நான் இந்தக் கதிரையைவிட்டு எழும்ப மாட்டேன் என்று இருந்துகொண்டேன். கடைசியில் வெட்டிவிட்டு யூசுப் என்று எழுதினான். இந்தத் தேசத்துக் கந்தோர்களில் நான் வென்றது அந்த ஒரு காரியம்தான்.

7

அந்த ஆட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

யூசுப்பைக் கொண்டுவந்து கிடத்திவிட்டு, டொனால்ட் இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு திரும்ப மேலே போனான். ஏன் போகிறான் என்று அப்போது நான் கேட்கவில்லை. கயிறு கட்டித் திட்டில் இறங்கி, அந்த ஆட்டை எடுத்து முதுகில் சுமந்து வந்து குசினி வாசலில் போட்டான்.

"இதுக்காகத்தான் சாம் அவன் போனவன்" என்றான்.

தூக்கி எறியச் சொல்லத்தான் வாய் வந்தது. பிறகு கழுத்தைப் பார்த்தேன். சரியான இடம், ஒரே வெட்டு, பிசிறு இல்லை. எங்கள் வாப்பா பார்த்திருந்தால் செருமியிருப்பார். என் பிள்ளை இத்தனை வருடத்தில் எனக்காகச் செய்த ஹலாலான ஒரே காரியம் வாசலில் கிடந்தது. அதை எப்படி எறிவது?

அவனை அடக்கிய அன்றே, களைந்து வைத்த அந்த அரிசியை உலையில் போட்டேன். ஆட்டை உரித்துக் கறியாக்கினேன். ஒரு கத்தம் இரண்டு கத்தமானது, வாப்பாவுக்கும் மகனுக்கும். கறி கொதித்து வந்ததும் கரண்டியில் எடுத்து ஊதினேன். ஊதி, பக்கத்தில் நீட்டினேன்.

"மகன், உப்புக்..."

நீட்டிய கை அப்படியே நின்றது. கரண்டியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. இந்த இறைச்சி எனக்கு ஆகும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையை மடக்கி என் வாயில் வைத்தேன்.

உப்புக் கரித்தது. கடல் தண்ணீரை அள்ளி வாயில் விட்ட மாதிரி. துக்கத்தில் கை தவறிவிட்டதா என்று உப்பு டின்னைப் பார்த்தேன். இல்லை, எப்போதும் போடுகிற அதே அளவுதான், அதே கரண்டிதான். அடுப்பில் அவர்களுடைய தேத்தண்ணிக் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொனால்டைக் கூப்பிட்டேன். "என்ட கறி எப்பவும் இப்பிடியா?"

அவன் தாடியைச் சொறிந்தான். காலைப் பார்த்தான். "எப்பவும் இப்பிடித்தான் சாம்."

"ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"முதல் கிழமையே சொல்ல வந்தம். அவன் விடேல்லை. வாப்பா சமைக்கிறதை அவரால தின்ன ஏலாது, அதுக்குள்ள இதையும் சொல்லி மனுசனை நோகடிக்க வேண்டாம் எண்டான். சொல்லுறவன் பல்லை உடைப்பன் எண்டும் சொன்னான்."

குசினிகளில் என் காலடியில் நின்ற காலத்திலிருந்து, முகம் ஒரு தரம்கூடச் சுளிக்காமல், அந்த உப்புக் கறியை விழுங்கிவிட்டு, காணும் வாப்பா, காணும் வாப்பா என்று சொல்லியிருக்கிறான். தமிழ் தெரியாது, தொழுகை தெரியாது, கையைவிட்டுப் போய்விட்டான் என்று நான் ஊருக்கெல்லாம் எழுதி அழுத பிள்ளை.

அன்று அந்தக் கறியை மிச்சம் வைக்காமல் தின்றேன். அவர்களும் தின்றார்கள்.

இன்றைக்குச் செம்மறிக் கறி. உப்பு நானே பார்த்தேன். இந்த ஒரு வருடமாக உப்பைக் குறைத்துப் போட எவ்வளவோ முயன்று, இன்றைக்குத்தான் கை சரியாக வந்திருக்கிறது, அளவான உப்பு. யாசீன் ஓதி, பாத்திஹா ஓதி, சோற்றைப் பரிமாறினேன். டொனால்ட் ஒரு வாய் வைத்தான். மென்றான். மற்றவர்களைப் பார்த்தான். பிறகு எழும்பி, சுவர்ப் பலகையிலிருந்த உப்பு டின்னை எடுத்துத் தன் தட்டில் தூவினான். பக்கத்தில் இருந்தவனிடம் டின்னைக் கொடுத்தான். அவனும் தூவிக்கொண்டு அடுத்தவனிடம் தள்ளினான். டின் மேசையைச் சுற்றி வந்து கடைசியில் எனக்கு முன்னால் நின்றது.

"என்ன டொனால்ட், உப்புக் காணாதா?"

"கறி நல்லம் சாம்" என்றான். "ஆனா எங்களுக்கு ஜோ பாத்த உப்புத்தான் பழக்கம்."

நானும் என் தட்டில் கொஞ்சம் தூவிக்கொண்டேன். பிறகு எழும்பிப் போய், பெரிய கேத்தலில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தேன்.